வாட்டாமல் ஒட்டிய இறக்கை

மாசி மாதத்து வெயில் ஜன்னலுக்குள் சாய்ந்து விழுந்த ஒரு ஞாயிறு காலையில்தான் அதைக் கவனித்தேன். ஏழு மாதமாக அலமாரியின் மேல் கிடந்த என் மாதிரி விமானத்தின் இறக்கையை எடுத்துத் தூசி தட்டினேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் விலாச்சட்டங்கள் ஒவ்வொன்றும் வற்றல் மாட்டின் விலாவைப் போலத் துருத்திக்கொண்டு நின்றன. ஆடி மாதத்தில் ஒட்டி முடித்தபோது கன்னம் போல மழமழவென்று இருந்த இறக்கை அது. விரலை முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. மேலே ஒட்டிய பளபளப்புப் படலத்துக்கு அடியில், பால்சா என்ற மிக லேசான மரத்தின் இரண்டு தகடுகள் சேரும் பொருத்து 11 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது.

கண்ணாடி மேசையில் படுக்க வைத்துப் பார்த்ததில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. இடது நுனியின் பின்விளிம்பு மேசையிலிருந்து 4 மில்லிமீற்றர் எழும்பி நின்றது. வலது நுனி ஒழுங்காகப் படிந்திருந்தது. இப்படியே பறக்க விட்டிருந்தால் விமானம் ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டு போயிருக்கும்.

இறக்கையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நுனிக்கு நுனி ஒன்றரை மீற்றர். முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 260 மில்லிமீற்றர். வெட்டுமுகம் கிளார்க் வை. வர்ஜீனியஸ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1922இல் வரைந்த வடிவம். தடிப்பு அகலத்தில் 11.7 சதவீதம், அடிப்பக்கம் முன்பகுதியைத் தாண்டியதும் தட்டையாகிவிடும். மேசையில் வைத்துக் கட்டுவதற்கு இதைவிட இணக்கமான வடிவம் எனக்குத் தெரியாது. முன் மூன்றில் ஒரு பங்கில், இறக்கையை நுனிக்கு நுனி தாங்கும் நீளச் சட்டமான நடு உத்தரம் ஓடுகிறது. அங்கிருந்து முன்விளிம்பு வரை மேலும் கீழும் 1.6 மில்லிமீற்றர் பால்சாத் தகடு போர்த்த வேண்டும். தகடும் உத்தரமும் சேர்ந்து ஆங்கில டி எழுத்து வடிவில் மூடிய ஒரு குழாயாகிவிடும். இறக்கை திருகாமல் நிற்பது இந்தக் குழாயின் பலத்தில்தான். திறந்த தகரத்தை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், நெளியும். அதையே குழாயாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது.

தகடு போர்த்தும் இடத்தின் அகலம், வளைவையும் சேர்த்து, மேற்பக்கம் 95 மில்லிமீற்றர். கடையில் வரும் தகடு 76 மில்லிமீற்றர். ஆகவே ஒட்டுப்போடாமல் வழியில்லை.

முதலில் பழியைப் பசையின் மேல்தான் போட்டேன். அது மனித இயல்பு. இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிட்டோ விமானத்தின் உடல், பேர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பால்சாவை வைத்துச் செய்தது. 1944 கடைசியில் இந்தியாவில் அவற்றில் சில நடுவானில் உடைந்து விழவே, மற்றவற்றைத் தரையில் நிறுத்தி வைத்தார்கள். வெப்பமும் ஈரமும் பசையைத் தின்றுவிட்டன என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். விசாரித்துப் பார்த்தபோது, தொழிற்சாலையில் பொருத்துகள் சரியாகப் படியாத குறையும் வெளியே வந்தது. என் வீட்டு விசாரணையும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் போனது. விசாரித்தவர் நானல்ல.

பக்கத்து வீட்டில் இருப்பவர் 37 வருடம் ஸ்டோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தேயிலைத் தொழிற்சாலைக்கு இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பக்கம், ஸ்டோர் என்றுதான் பெயர். இன்றைக்கும் ஊரில் எல்லோருக்கும் அவர் டீமேக்கர் ஐயா. இறக்கையை வாங்கினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார்.

"மாஸ்டர், இதை எந்த மாதத்தில் ஒட்டினீர்கள்?"

"ஆடியில், ஐயா. மழை விடுமுறையில்."

"வாட்டினீர்களா?"

"இது கொழுந்து இல்லையே ஐயா, காய்ந்த மரம்."

அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஆடி மாதத்தில் ஹட்டனில் காய்ந்தது என்று ஏதாவது உண்டா? போத்தலில் இருக்கும் உப்பே தண்ணீர் விடுகிறது. கொழுந்தை வாட்டாமல் ரோலரில் போட்டால் என்ன ஆகும் என்று ஸ்டோரில் சின்னப் பையனுக்கும் தெரியும். நீங்கள் பச்சையாக ஒட்டிவிட்டு, பிறகு வெடித்தது என்கிறீர்கள்."

கொழுந்தை ரோலரில் உருட்டுவதற்கு முன் காற்று ஊதி அதன் ஈரத்தைக் குறைப்பதுதான் வாட்டுவது. அதற்காக ஸ்டோர் சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்குமாம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று காய்ந்திருந்தால் ஈரம் வேகமாக ஆவியாகி, அந்த வெப்பமானி இறங்கும். இரண்டுக்கும் இடைவெளி கூடும். தென்மேற்குப் பருவக்காற்று அடித்துப் பெய்யும் நாட்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். அப்போது வெறுங்காற்றை எவ்வளவு ஊதினாலும் கொழுந்து வாடாது, சூடேற்றித்தான் ஊத வேண்டும். வகுப்பறையில் பல வருடமாக நான் படம் போட்டுக் கற்பித்த ஈரப்பதமானிதான் அது. வீட்டில் மரத்தைத் தொட்டபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

மரம் காற்றோடு ஓயாமல் ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருந்தால் மரத்துக்குள் சுமார் 12 சதவீதம் தண்ணீர் நிற்கும். 90 சதவீதமாக ஏறினால் அது 20ஐத் தொடும். ஈரம் ஏறினால் மரம் வீங்கும், இறங்கினால் சுருங்கும். நாரின் நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, எல்லாம் குறுக்குவாக்கில்தான். இறக்கையில் நாரோட்டம் நுனியை நோக்கி ஓடுகிறது. ஆகவே தகடு சுருங்குவது முன்னிருந்து பின்னாக. ஆடியில் வீங்கிய நிலையில் உத்தரத்தோடும் முன்விளிம்போடும் ஒட்டப்பட்ட தகடு, மாசியில் 2 மில்லிமீற்றர் குறைய விரும்பியது. இரண்டு ஓரமும் பிடிபட்டிருக்க, அது எங்கே போகும்? வளைந்த பரப்பில் இழுபட்ட தோல் உள்ளேதான் அமுங்கும். விலாச்சட்டம் இருக்கும் இடத்தில் அமுங்க முடியவில்லை, நடுவில் அமுங்கியது. வற்றல் மாடு அப்படித்தான் பிறந்தது. எங்கே பொருத்து பலவீனமோ அங்கே பிளந்தது. அடிப்பக்கத் தகட்டில் வளைவு குறைவு என்பதால் அங்கே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

நுனி திருகியதற்கும் ஈரத்துக்கும் சம்பந்தமில்லை. அது என் அவசரம். பலகையில் குத்தி வைத்திருந்த இறக்கையை, மேல்தகடு முழுதாகக் காய்வதற்கு முன்பே தூக்கிவிட்டேன். குழாய் மூடிக் காயும்போது இறக்கை எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலை அப்படியே பூட்டப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் திரும்பாது.

ஆகவே மேல்தகட்டை இரண்டு பக்கமும் உரித்து, மீண்டும் போர்த்துவது என்று முடிவெடுத்தேன். உரிப்பது நினைத்ததைவிட லேசாக இருந்தது. சட்டங்களுக்கு இடையில் அலகால் வெட்டித் தகட்டைக் கழற்றிவிட்டு, சட்டங்களின் மேல் மிஞ்சிய கீற்றுகளுக்கு ஈரத்துணி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியின் நுனியை வைத்தேன். சட்டங்களில் தகட்டை ஒட்டியிருந்த பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகக்கூடியது. கீற்றுகள் வாழைநார் போல உரிந்து வந்தன. வெள்ளைப் பசையை மட்டமாகப் பேசுகிறவர்கள் இந்த ஒரு குணத்துக்காகவாவது அதை மன்னிக்கலாம். சூப்பர் குளூ வைத்திருந்தால் சட்டங்களும் சேர்ந்தே வந்திருக்கும்.

புதுத் தகடுகள் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தபோது வைகாசி பிறந்துவிட்டது. மழையும் பிறந்துவிட்டது. அடுத்த மாசி வரை காத்திருக்கப் பொறுமையில்லை. வாட்டுவதற்கு ஓர் இடம் செய்தேன்.

தேயிலையைக் காகிதச் சாக்கில் அடைப்பதற்கு முன்பு ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். உள்ளே ஈயத்தாள் போல மினுங்கும் அலுமினியத்தாள். அந்தப் பழைய பெட்டிகள் எங்கள் வீடுகளில் துணிப்பெட்டியாக, அரிசிப்பெட்டியாக, கோழிக்கூடாகக்கூட வாழ்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டை எடுத்து, ஒன்றின் அடியையும் மற்றதன் மூடியையும் கழற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தினேன். 914 மில்லிமீற்றர் தகடு நட்டமாக நிற்கும் உயரம் கிடைத்தது. அடியில் 40 வோட்ஸ் இழைமின்குமிழ், அதற்கு மேல் ஓட்டை போட்ட தகரம், கீழே நான்கு துளை, மேலே நான்கு துளை. உள்ளே ஒரு சிறிய ஈரப்பதமானி. குமிழுக்கும் மரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டேன். வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் எரியவிட்டேன். பால்சா தீப்பெட்டிக் குச்சியைவிட ஆசையோடு பற்றிக்கொள்ளும்.

வெளியே 91 சதவீதம். பெட்டிக்குள் இரண்டு மணி நேரத்தில் 55. தகடுகளைச் சமையல் தராசில் நிறுத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் நிறையை எழுதிவிட்டு உள்ளே நிறுத்தினேன். 16.1 கிராம் இருந்த தகடு முதல் நாள் இரவு 15.2 ஆனது, இரண்டாம் நாள் 14.9. மூன்றாம் நாளும் 14.9. நிறை இறங்குவது நின்றால் வாட்டு முடிந்தது என்று பொருள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தேக்கரண்டியின் கால்பங்குத் தண்ணீர் ஒளிந்திருந்திருக்கிறது.

அகலத்தையும் அளந்தேன். அங்கேதான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. சில தகடுகள் 0.6 மில்லிமீற்றர் சுருங்கின, சில 1.5. ஒரே பொதி, ஒரே பெட்டி. வித்தியாசம் மரம் அறுக்கப்பட்ட திசையில் இருக்கிறது. முகத்தில் மீன் செதில் போலப் புள்ளி மின்னும் தகடு, மரத்தின் வளர்ச்சி வளையங்களுக்குச் செங்குத்தாக அறுத்தது; விறைப்பானது, குறுக்கே வளைத்தால் உடையும், ஆனால் சுருக்கம் குறைவு. புள்ளியில்லாமல் நீள நீளக் கோடாக ஓடும் தகடு, வளையங்களைத் தழுவி அறுத்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் குழாயாகச் சுருளும், சுருக்கமோ இரண்டு மடங்குக்கும் மேல். முன்விளிம்பைச் சுற்றி வளைய வேண்டிய தகட்டுக்கு இரண்டாம் வகைதான் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் வளைய இணங்குகிற மரம் சுருங்கவும் இணங்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன முறை நான் செய்த முட்டாள்தனம், கோட்டுத் தகட்டோடு புள்ளித் தகட்டைச் சேர்த்து ஒட்டியது. ஒன்று ஒரு பங்கு சுருங்க, மற்றது இரண்டு பங்கு சுருங்க, பொருத்து நடுவில் மாட்டிக்கொண்டது.

நிறையைப் பற்றி ஒரு சின்ன வழி சொல்லுகிறேன். 1.6 க்கு 76 க்கு 914 மில்லிமீற்றர் தகட்டின் கனஅளவு சுமார் 111 கன சென்ரிமீற்றர். ஆகவே தகட்டின் கிராமை 9ஆல் பெருக்கினால் கனமீற்றருக்கு எத்தனை கிலோ என்ற அடர்த்தி வந்துவிடும். 14 கிராம் தகடு 126. என் பொதியில் வாட்டிய பிறகு 11 கிராம் முதல் 21 கிராம் வரை இருந்தது. பால்சா ஈக்குவடோரில் சில வருடத்திலேயே வளர்ந்து வெட்டப்படுகிற மரம். ஒரு மரத்திலேயே அடியும் நுனியும் வேறு வேறு அடர்த்தி. 21 கிராம் தகட்டை இடது இறக்கையிலும் 11 கிராம் தகட்டை வலதிலும் போட்டால், பிறகு நுனியில் ஈயம் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். 14, 14, 13.5, 13.5 என்று சோடி பிரித்தேன். கனத்தவை நடுப்பகுதிக்கு. மலைநாட்டில் கிராம் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனமல்ல. 1,200 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. நுவரெலியாவின் 1,868 மீற்றரில் ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே இறக்கை அதே பாரத்தைத் தாங்க இன்னும் வேகமாக ஓட வேண்டும், இறங்கும்போதும் வேகமாகத்தான் இறங்கும்.

இனிப் பொருத்து.

கடையில் வரும் தகட்டின் ஓரம் நேர் என்று நம்பக் கூடாது. இரண்டு தகட்டை ஓரத்தோடு ஓரம் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் ஒரு மெல்லிய வாள் போலத் தெரியும். அதைப் பசையால் நிரப்பலாம் என்று நினைத்தால் பிறகு முழுக்க அந்தப் பசைக்கோட்டோடுதான் குடித்தனம். நான் செய்தது இது: இரண்டு தகட்டையும் ஓரத்தில் 5 மில்லிமீற்றர் மேல்மேலாகப் படுக்க வைத்து, மேலே ஒரு மீற்றர் உருக்கு அடிமட்டத்தைக் கவ்வி, புது அலகால் இரண்டையும் ஒன்றாக வெட்டினேன். கோடு எங்காவது அரை மயிரிழை விலகினாலும் இரண்டும் ஒரே மாதிரி விலகியிருக்கும், ஆகவே சேரும்போது பொருந்திவிடும். அலகை அழுத்தக் கூடாது. அழுத்தினால் அது நாரைப் பிடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். முதல் கீறல் கோடு போடுவது மாதிரி, இரண்டாவது அதைவிடச் சற்று ஆழம், ஐந்தாவதிலோ ஆறாவதிலோ அறுந்து விழட்டும். நடுவில் ஒருமுறை அலகை மாற்றினேன். பால்சா மென்மை என்பதால் மொட்டை அலகு போதும் என்பது தலைகீழான நினைப்பு; மென்மையான மரத்தை மொட்டை அலகு வெட்டாது, நசுக்கும்.

வெட்டிய ஓரங்களைச் சேர்த்து, தகட்டின் நல்ல முகத்தில் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாகக் குறுக்கே ஒட்டினேன், ஒரு சாணுக்கு ஒன்று, ஒவ்வொன்றையும் சற்று இழுத்துப் பிடித்து. பிறகு பொருத்தின் மேலேயே நீளமாக ஒன்று. இப்போது திருப்பிப் போட்டு மேசை ஓரத்தில் பாதியைத் தொங்கவிட்டால், டேப் கீல் போல வேலை செய்து பொருத்து புத்தகம் மாதிரித் திறக்கும். அந்த வாய்க்குள் மஞ்சள் மரப்பசையைத் தையலூசி மொத்தத்துக்கு ஓடவிட்டேன். மூடியதும் பசை நீளமெங்கும் சின்னச் சின்ன முத்தாகப் பிதுங்கி வர வேண்டும். முத்து வராத இடம் பசை போகாத இடம். பிதுங்கியதைப் பழைய தொலைபேசி அட்டையால் வழித்தெடுத்தேன். ஈரத்துணியால் துடைக்கவில்லை. மூன்று நாள் வாட்டிய மரத்துக்குத் தண்ணீர் காட்டுவதா?

கண்ணாடி, அதன் மேல் பொலித்தீன், அதன் மேல் தகடு, மீண்டும் பொலித்தீன், மேலே பலகை, அதற்கு மேல் பத்தாம் வகுப்பு வினாத்தாள் கட்டுகள். அவை இதற்காவது பயன்பட்டன. ஒரு மணி நேரத்தில் டேப்பை எடுத்துவிட்டேன். மறுநாள் வரை விட்டால் டேப் மரத்தோடு நட்பாகிவிடும். உரிக்கும்போது நாரையும் கூட்டிக்கொண்டு வரும். உரிக்கும் விதமும் ஒன்று உண்டு: டேப்பை மேலே தூக்காமல், அதன் மேலேயே மடித்து, தரையோடு தரையாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

பசை எது என்பது தேய்க்கும்போதுதான் தெரியும். போன முறை பொருத்தைச் சூப்பர் குளூவால் ஒட்டியிருந்தேன், பத்து நொடியில் முடிந்த பெருமையோடு. அந்தக் கோடு கண்ணாடி போல இறுகி நின்றது. அரத்தாள் அதைத் தொடாமல் இரண்டு பக்கத்து மென்மரத்தைத் தின்றது. படலம் ஒட்டிய பிறகு இறக்கையில் நரம்பு ஓடியது. வெள்ளைப் பசை வேறு விதம்: தேய்த்தால் ரப்பராகச் சுருண்டு தாளை அடைக்கும். மஞ்சள் பசை மரத்தோடு சேர்ந்து தேய்கிறது. 30 சென்ரிமீற்றர் மரக்கட்டையில் 240ஆம் இலக்க அரத்தாளை ஒட்டி, பொருத்துக்குச் சாய்வாக, தகடு கண்ணாடி மேல் படுத்திருக்கும்போதே தேய்த்தேன். இறக்கையில் ஒட்டிய பிறகு தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று விட்டால், சட்டத்தின் மேல் நன்றாகத் தேயும், இடையில் தகடு கீழே அமுங்கித் தப்பித்துக்கொள்ளும். கண் மூடி விரலால் தடவினேன். பொருத்து எங்கே என்று தெரியவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்தால் மட்டும் ஒரு மஞ்சள் நூல்.

குறுகிய 20 மில்லிமீற்றர் துண்டு உத்தரத்துப் பக்கம் வரும்படி வைத்தேன். போன முறை அது முன்விளிம்புப் பக்கம் இருந்தது. வளைவு அதிகமான இடத்தில் பசைக்கோடு வளைய மறுக்கும்.

தகட்டை வளைக்க, முன் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு வெளிமுகத்தை மட்டும் நனைக்க வேண்டும். வாட்டிய மரத்தை நனைப்பதற்கு மனம் வரவில்லை, ஆனாலும் வேறு வழியில்லை. வெளிமுகம் வீங்கும், உள்முகம் வீங்காது, தகடு தானாகவே உள்ளே சுருளும். தண்ணீரில் சில துளி அமோனியா கலந்தால் இன்னும் இணங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், என் வீட்டில் பூனை இரண்டு நாள் அந்த அறைக்கு வரவில்லை. இறக்கையின் மேல் பசையில்லாமல் தகட்டைப் படிய வைத்து, கணுக்காலுக்குச் சுற்றும் இழுவைப் பேண்டேஜால் சுற்றி, இரவு முழுவதும் விட்டேன். காலையில் அவிழ்த்ததும் தகடு தவளைத் தொண்டை போல வளைந்தே நின்றது. மீண்டும் ஒருநாள் வாட்டுப் பெட்டிக்குள். மீண்டும் தராசு. நிறை பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் பசைப் போத்தலைத் தொட்டேன்.

இறக்கையைப் பலகையில் படுக்க வைத்து, பின்விளிம்பை நெடுகக் குண்டூசியால் குத்தினேன். மேல்தகடு இல்லாத இறக்கை துவண்டு கொடுக்கும். இடது நுனியின் திருகலை இப்போதுதான் எடுக்க முடியும். இரண்டு நுனியிலும் பின்விளிம்புக்கு அடியில் 3 மில்லிமீற்றர் சீவலை வைத்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு. விமானம் வேகம் இழக்கும்போது நுனிகள் கடைசியாகச் சோர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கொடுக்கும் சிறு திருகல் இது. அறியாமல் வந்த 4 மில்லிமீற்றருக்கும் அறிந்து வைத்த 3 மில்லிமீற்றருக்கும் வித்தியாசம் உண்டு.

பசையை உத்தரத்தின் மேல் கோடாக, சட்டங்களின் மேல் அதைவிட மெல்லிய கோடாக, முன்விளிம்பில் சற்றுத் தாராளமாக. முதலில் தகட்டின் நேர் ஓரத்தை உத்தரத்தின் நடுக்கோட்டில் வைத்து ஊசி குத்தினேன், நடுவிலிருந்து நுனிக்கு. பிறகு இரண்டு உள்ளங்கையையும் தகட்டின் மேல் விரித்து, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல முன்னே உருட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு சட்டமும் கைக்கு அடியில் தட்டுப்பட்டு, பசையின் மேல் தகடு உட்காரும்போது ஒரு மெல்லிய 'ப்ச்' கேட்கும். கேட்காத சட்டத்தில் திரும்பவும் அழுத்தினேன். முன்விளிம்புக்கு வந்ததும் துணிக்கவ்விகள், ஒன்றை அடுத்து ஒன்று, மகள் கொடியிலிருந்து கழற்றிக் கழற்றிக் கொடுத்தாள். முப்பத்திரண்டு கவ்வி. அன்று துணி காயப் போட முடியவில்லை, எப்படியும் மழை.

எங்கள் குளிருக்கு ஒரு நன்மை, பசை அவசரப்படுத்தாது. கால் மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு தீமையும் உண்டு. தை மாதத்தில் ஒருமுறை விடியற்காலைக் குளிரில் ஒட்டியபோது பசை சுண்ணாம்பு போல வெளுத்து உதிர்ந்தது. 10 பாகைக்குக் கீழே இந்தப் பசைகள் படலமாகப் படிய மறுக்கும். வைகாசியில் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு நாள். ஒரு நாள் அல்ல. மூன்றாம் நாள் காலைதான் ஊசிகளைப் பிடுங்கினேன். கண்ணாடி மேசையில் வைத்துப் பார்த்தேன்: இரண்டு நுனியும் 3 மில்லிமீற்றர், இடதில் ஒரு தாள் தடிப்புக் கூட. விட்டுவிட்டேன்.

நடுப்பகுதி மூன்று இடைவெளியையும் முழுக்கப் போர்த்த வேண்டும். அங்கே ஸ்திரிக்கைப் பெட்டி முறை: சட்டத்திலும் தகட்டிலும் வெள்ளைப் பசையைத் தடவி, கண்ணாடியாகக் காயும் வரை விட்டு, பிறகு பொருத்திச் சூட்டில் அழுத்துவது. தண்ணீர் முன்பே போய்விடுவதால் தகடு வீங்காது. ஒரே ஒரு வாய்ப்புத்தான், தவறாக வைத்தால் நகர்த்த முடியாது. சிறிய தட்டையான பகுதிக்குச் சரி. 740 மில்லிமீற்றர் வளைவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

டீமேக்கர் ஐயா ஆடி மாதத்தில் வந்தார். ஐந்து நாளாக வெயில் தலைகாட்டவில்லை, வீட்டுக்குள் 93 சதவீதம். இறக்கையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். சட்டங்களுக்கு இடையில் தகடு மிக மெல்லியதாக வெளியே புடைத்திருந்தது, தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும். காய்ந்த நிலையில் ஒட்டிய மரம் ஈரத்தில் வீங்குகிறது, வேறென்ன செய்யும்.

"வாட்டு கொஞ்சம் கூடிவிட்டது மாஸ்டர்," என்றார்.

இருக்கலாம். 55க்குப் பதிலாக 65இல் நிறுத்தியிருந்தால் இந்தப் புடைப்பும் வந்திருக்காது. ஆனால் வெளியே புடைப்பதும் உள்ளே இழுபடுவதும் ஒன்றல்ல. புடைக்கும்போது பொருத்து நெருக்கப்படுகிறது, திறக்காது. ஈரமான ஊரில் தவறுவதென்றால் காய்ந்த பக்கம் தவறுவது மேல் என்று அவரிடம் வாதாடினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கருகிய தேயிலையை யார் வாங்குவார் என்று கேட்டார்.

இந்த மாசியில் மஸ்கெலியாவுக்குக் கொண்டுபோனோம். மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வெகுவாக இறங்கிவிட்டால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் கற்கள் வெளியே தெரியும். சுற்றிலும் வெடித்த சேற்றுத்தரை, மரமில்லை, கம்பியில்லை. தூரத்தில் சிவனொளிபாதமலை. நான்கு முறை பறந்தது. முதல் முறை இயக்கும் கருவியிலிருந்து கையை விட்டதும் நேராகப் போனது, அதிலுள்ள சரிப்படுத்தும் நெம்புகோலை ஒரே ஒரு சொடுக்குத்தான் நகர்த்த வேண்டியிருந்தது, அதுவும் இடதுபக்கத்துத் தாள் தடிப்புக்கு. நான்காம் முறை இறங்கும்போது சில்லு வெடிப்பில் மாட்டி மூக்குக் குத்தியது. சுழலி உடைந்தது, இறக்கைக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து மேல்தகடு முழுவதையும் விரல் நகத்தால் தட்டிப் பார்த்தேன். ஒட்டிய சட்டத்தின் மேல் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும், ஒட்டாத இடத்தில் 'டொப்' என்று கள்ளத்தனமாக. வலது பக்கம், நடுவிலிருந்து ஏழாவது சட்டத்தில் 'டொப்'. 'ப்ச்' கேட்காமல் தப்பியது இதுவாகத்தான் இருக்கும். ஊசியால் இரண்டு துளை போட்டு, மருந்து ஏற்றும் சிரிஞ்சால் பசையை விட்டு, மேலே ஒரு வினாத்தாள் கட்டு வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் தட்டிப் பார்க்க வேண்டும்.